ரெசின் மணியில் பாலிமர் வளர்த்தால் கழுவியே சுத்தம் செய்துவிடலாமா?

கேள்வி இதுதான்: பெப்டைடுகளை (அமினோ அமிலச் சங்கிலிகளை) ரெசின் மணிகளின், அதாவது கரையாத சிறு பாலிமர் மணிகளின், மீது கட்டி, ஒவ்வொரு படியிலும் வடிகட்டிக் கழுவி, கடைசியில் வெட்டி எடுக்கிறார்கள். கட்டுப்படுத்தப்பட்ட ரேடிக்கல் பாலிமராக்கலையும் (வளரும் ரேடிக்கல் முனைகளை அவ்வப்போது உறங்கவைத்து, சங்கிலிகளை ஏறக்குறைய ஒரே நீளத்தில் வளர்ப்பது) அதே மாதிரி ரெசினில் செய்ய முடியுமா? முடியுமென்றால் எந்த ரெசின், எந்த முறை, எவ்வளவு நீளச் சங்கிலி?

முடியும். 2001-இலேயே வாரிக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாடில்டன் குழு, வாங் ரெசினில் (அமிலத்தால் வெட்டக்கூடிய இணைப்பியுள்ள பாலிஸ்டைரீன் மணி) மெத்தகிரிலேட் சங்கிலிகளை வளர்த்து வெட்டி எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆனால் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ரெசினில் செய்தால் கழுவியே சுத்தமான பாலிமரைப் பெற்றுவிடலாம் என்பது. அது பாதிதான் சரி. கழுவினால் போவது ரெசினில் ஒட்டாதவை மட்டும். பெப்டைடில் கெடுதல் செய்பவை பெரும்பாலும் ஒட்டாதவை. ரேடிக்கல் பாலிமராக்கலில் கெடுதல் செய்பவை பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே இருப்பவை. எந்த ரெசின், எந்த முறை என்று தேர்வு செய்யும்போதெல்லாம் இந்த வேறுபாட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பெப்டைடுகளுக்காக மெர்ரிஃபீல்டு 1963-இல் வெளியிட்ட இந்த ரெசின் முறையின் பலம், வினைப்பொருளை அளவுக்கு மீறி ஊற்றலாம் என்பதுதான். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அமினோ அமிலம் சேர்த்து வினையை ஏறக்குறைய முழுமைக்குத் தள்ளிவிட்டு, மீதியைக் கழுவி எறியலாம். அப்படியும் வினைபுரியாமல் தங்கிய சங்கிலிகளை அசிட்டைல் தொகுதி போட்டு மூடிவிடலாம். ரேடிக்கல் பாலிமராக்கலில் இந்தத் தந்திரம் செல்லாது. மோனோமரை (சங்கிலியின் அலகாகும் சிறு மூலக்கூறை) அதிகம் ஊற்றினால் சங்கிலி நீளும், அவ்வளவுதான். இரண்டு ரேடிக்கல்கள் சந்தித்து முடிந்துபோவதை அது தடுக்காது. அப்படி முடிந்துபோன சங்கிலியும் ரெசினில்தான் தொங்குகிறது. உயிரோடிருக்கும் சங்கிலியும் அங்கேயேதான். வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படியானால் எதற்கு இந்த வேலை? மோனோமர், வினையூக்கியான தாமிரம், அதோடு இணையும் லிகண்ட், கரைப்பான் எல்லாவற்றையும் வடிகட்டியே நீக்கிவிட்டு அடுத்த மோனோமரை ஊற்றலாம். பிளாக் கோபாலிமர் (வெவ்வேறு மோனோமர்களின் துண்டுகள் வரிசையாக இணைந்த சங்கிலி) செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுவே வீழ்படிவாக்கி, உலர்த்தி, மறுபடி கரைக்கும் வேலை மிச்சம். இன்னொரு பயன், வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ளும் மணிகள். அதைக் கடைசியில் சொல்கிறேன். என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான பலன் அதுதான்.

முதலில் மணியைப் புரிந்துகொள்ள வேண்டும். பல கட்டுரைகளில் வரும் படம் ஒரு பந்து, அதன் மேற்பரப்பில் முடி முளைத்த மாதிரி சங்கிலிகள். சிலிக்கா நுண்துகளுக்கு அது பொருந்தும். மெர்ரிஃபீல்டு வகை மணிக்குப் பொருந்தாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணியின் எடை ஏறக்குறைய 0.55 மைக்ரோகிராம். ரெசினின் ஏற்றம், அதாவது சங்கிலி தொடங்கக்கூடிய இடங்களின் அளவு, கிராமுக்கு 1 மில்லிமோல் என்றால், அந்த ஒரு மணியில் சுமார் 3.3 × 10^14 தொடக்க இடங்கள். மணியின் வெளிப்பரப்போ 3.1 × 10^10 சதுர நானோமீட்டர். எல்லா இடங்களும் மேற்பரப்பில்தான் என்றால் ஒரு சதுர நானோமீட்டரில் பத்தாயிரம் சங்கிலிகள் நிற்க வேண்டும். தட்டையான பரப்பில் மிக நெருக்கமாக வளர்த்தாலே ஒரு சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலியைத் தாண்டுவது கடினம். ஆக, பத்தாயிரத்தில் ஓர் இடம்கூட வெளியே இல்லை. வளர்ச்சி முழுக்க முழுக்க மணிக்கு உள்ளே, கரைப்பானில் ஊறிப் பருத்த ஒரு ஜெல்லுக்குள் நடக்கிறது.

இதனால்தான் கரைப்பான் தேர்வு முதல் முடிவாகிறது. 1 சதவீதம் டைவினைல்பென்சீன் குறுக்குப் பிணைப்புள்ள மணி டைகுளோரோமீத்தேன், டிஹெச்எஃப், டொலுயீன் போன்றவற்றில் நன்றாகப் பருக்கும். மெத்தனாலிலும் தண்ணீரிலும் சுருங்கிக் கிடக்கும். கரைசலில் ஏடிஆர்பி (அணு மாற்ற ரேடிக்கல் பாலிமராக்கல், ATRP) செய்யும்போது மெத்தனாலோ தண்ணீரோ கலந்தால் வேகமாக ஓடுகிறது என்று படித்துவிட்டு அதையே இங்கேயும் செய்தால், உள்ளே இருக்கும் இடங்களை வினைப்பொருள் தொடவே தொடாது. வினை சூட்டில் நடந்தாலும் மணியை ஊறவைத்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஆக்சிஜனை நீக்குவதும் அப்படித்தான்: மணிகள் மோனோமர் கரைசலில் முழுதாக ஊறிய பிறகு நைட்ரஜன் செலுத்துங்கள். உலர்ந்த மணிக்குள் ஒளிந்திருந்த காற்று பிறகு வெளியே வந்து வினையை நிறுத்திவிடும்.

மோனோமர் உள்ளே போய்ச் சேருமா என்ற பயம் பலருக்கு உண்டு. ஆரம்பத்தில் அது பிரச்சினையே இல்லை. ஊறிய ஜெல்லில் சிறு மூலக்கூறின் பரவல் மாறிலி விநாடிக்கு 10^-6 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், 50 மைக்ரான் ஆரத்தைக் கடக்க அரை நிமிடம் போதும். பாலிமராக்கல் மணிக்கணக்கில் நடக்கிறது. சிக்கல் பின்பாதியில் வருகிறது. சங்கிலிகள் வளர்ந்து மணி அடர்த்தியாகும்போது பரவல் நூறு மடங்கு மந்தமானால் அதே தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அப்போது வெளி ஓரத்துச் சங்கிலிகளுக்கு மோனோமர் முதலில் கிடைக்கும், மையத்தில் உள்ளவை பட்டினி கிடக்கும். மோனோமரை விடப் பெரிய தாமிர அணைவு இன்னும் மெதுவாகத்தான் நகரும். நல்ல கட்டுப்பாட்டோடு தொடங்கிய வினையில் மூலக்கூறு எடைப் பரவல் கடைசியில் அகலமாவதற்கு இது ஒரு காரணம். 40, 50 சதவீத மாற்றத்தில் நிறுத்திவிடுவது நல்லது. மீதி மோனோமர் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம், அதைக் கழுவிவிடத்தானே ரெசினே.

அடுத்தது எடை. இதைத்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் கணக்கிடாமல் விடுகிறார்கள். கிராமுக்கு 1 மில்லிமோல் ஏற்றமுள்ள 1 கிராம் ரெசினில், ஒவ்வோர் இடத்திலும் 100 அலகு மெத்தில் மெத்தகிரிலேட் வளர்ந்தால் 10 கிராம் பாலிமர் சேர்கிறது. 1 கிராம் 11 கிராம் ஆகிறது. உலர்ந்த மணியின் விட்டம் இரண்டு மடங்குக்கும் மேல். ஊறியிருக்கும்போது இன்னும் அதிகம். 1 சதவீதக் குறுக்குப் பிணைப்பு எவ்வளவு இளக்கமாக இருந்தாலும் வலைப்பின்னலுக்கு ஓர் இழுவை எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மணி வெடிக்கும், அல்லது வளர்ச்சி தானாகத் தேங்கும். 100 அலகுக்கு மேல் வேண்டுமென்றால் ஏற்றத்தைக் கிராமுக்கு 0.1 முதல் 0.3 மில்லிமோலுக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குவதே புத்திசாலித்தனம். காந்தக் கட்டியைப் போட்டுக் கலக்கவும் வேண்டாம். அது மணிகளை அடிப்பகுதியில் அரைத்துப் பொடியாக்கிவிடும். குலுக்கியோ மேலிருந்து மெதுவாகச் சுழலும் கலக்கியோ போதும்.

ஏற்றத்தைக் குறைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. வாங் ரெசினின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு 2-புரோமோஐசோபியூட்டிரைல் புரோமைடை, டிரைஎத்தில்அமீன் முன்னிலையில், வினைபுரியவைப்பதுதான் வழக்கமான தொடக்கி இணைப்பு. 0.2 மில்லிமோல் மட்டும் வேண்டும் என்று 0.2 மில்லிமோல் அமில புரோமைடை ஊற்றினால் என்ன ஆகும்? அந்த வினை வேகமானது. உள்ளே பரவி வருவதற்குள் ஓரத்திலேயே தீர்ந்துவிடும். சராசரி ஏற்றம் நீங்கள் கேட்ட அளவுதான், ஆனால் எல்லாம் வெளி ஓட்டில் குவிந்திருக்கும். மையம் காலி. பிறகு ஓட்டில் நெருக்கடி, சங்கிலிகள் ஒன்றோடொன்று மோதுவது, ரேடிக்கல்கள் சேர்ந்து முடிவது என்று வரிசையாக வரும். இதற்கு நான் விரும்பும் வழி, 2-புரோமோஐசோபியூட்டிரிக் அமிலத்தையும் புரோமின் இல்லாத ஐசோபியூட்டிரிக் அமிலத்தையும் வேண்டிய விகிதத்தில் கலந்து, மொத்தத்தில் அதிகமாக, கார்போடைஇமைடு கொண்டு மெதுவாக இணைப்பது. இரண்டும் எல்லா இடத்துக்கும் போட்டியிடும். மையத்திலும் ஓரத்திலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இரண்டின் வினைவேகம் ஒன்றல்ல என்பதால், கடைசியில் புரோமின் அளவைத் தனிமப் பகுப்பாய்வில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் 3400-ஐ ஒட்டிய ஹைட்ராக்சில் பட்டை மறைந்து, 1735 அருகே எஸ்டர் கார்போனைல் எழுந்தால் இணைப்பு நடந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு புரோமின் ஏறியது என்று அது சொல்லாது.

சரி, எந்த முறை? ஏடிஆர்பி, ராஃப்ட், நைட்ராக்சைடு வழி மூன்றும் ரெசினில் ஓடியிருக்கின்றன.

ஏடிஆர்பி, 1995-இல் கியோட்டோவில் சவமோட்டோ ருத்தேனியத்தோடும் பிட்ஸ்பர்க்கில் மட்டியாஷெவ்ஸ்கி தாமிரத்தோடும் தனித்தனியே கொண்டுவந்தது, ரெசினுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. தொடக்கி ரெசினில், வினையூக்கி கரைசலில். கரைசலில் தனியாகச் சங்கிலி தொடங்க வழியில்லை என்பதால் வளர்வது பெரும்பாலும் மணிக்குள்தான். மெர்ரிஃபீல்டு ரெசினின் பென்சைல் குளோரைடையே தொடக்கியாக வைத்து ஸ்டைரீன் வளர்க்கவும் முடியும். ஆனால் அது கார்பன்-கார்பன் பிணைப்பு, வெட்டி எடுக்க முடியாது. மெத்தில் மெத்தகிரிலேட்டுக்கு பென்சைல் குளோரைடு மோசமான தொடக்கியும்கூட: தொடங்குவது மெதுவாக, வளர்வது வேகமாக நடப்பதால் பல இடங்கள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

ஏடிஆர்பியில் கட்டுப்பாட்டைத் தருவது இரு இணைதிறன் தாமிரம், அதாவது தாமிரம்(II). வளரும் ரேடிக்கலுக்கு ஹாலஜனைத் திருப்பிக் கொடுத்து உறங்கவைப்பது அதுதான். தட்டைப் பரப்பில் தொடக்கியின் அளவு மிகச் சொற்பம் என்பதால், இந்தத் தாமிரம் தானாகப் போதிய அளவு சேராது. அதற்காகக் கரைசலில் தனித் தொடக்கி சேர்ப்பார்கள் அல்லது தாமிரம்(II) உப்பை முன்கூட்டியே போடுவார்கள். ரெசினில் தொடக்கி தாராளமாக இருக்கிறது. கிராமுக்கு 6 மில்லிலிட்டர் பருத்த மணிக்குள் 1 மில்லிமோல் என்றால் செறிவு லிட்டருக்கு 0.17 மோல். சாதாரணக் கரைசல் ஏடிஆர்பியில் வைக்கும் அளவை விடக் குறைவில்லை. ஆகவே கட்டுப்பாட்டுக்காகத் தனித் தொடக்கி கட்டாயமில்லை. தொடக்கத்திலேயே கொஞ்சம் தாமிரம்(II) போடுவது மட்டும் நல்லது, சங்கிலிகள் நெருக்கமாக நிற்பதால் முதல் சில நிமிடங்களில்தான் முடிவு வினைகள் அதிகம்.

தனித் தொடக்கியைச் சேர்த்து, கரைசலில் உண்டாகும் பாலிமரை ஜிபிசியில் (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து மூலக்கூறு எடையைக் காட்டும் கருவி) போட்டு, அதுவே மணிக்குள் இருக்கும் சங்கிலியின் அளவு என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. எனக்கு இது பிடிப்பதில்லை. தாமிரமும் மோனோமரும் உள்ளேயும் வெளியேயும் ஒரே செறிவில் இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். அப்படி இருக்கிறதா என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டியது! ஒரு பகுதி மணியையாவது வெட்டி அளந்து பார்க்காமல் அப்படி எழுதக் கூடாது.

ராஃப்ட் முறையில் கதை இன்னும் சுவையானது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓவிலிருந்து வந்த இந்த முறையில், சங்கிலி மாற்றியின் (வளரும் முனையைத் தற்காலிகமாகப் பிடித்துவிடும் கந்தகச் சேர்மம்) எந்தப் பக்கத்தை ரெசினோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது. வெளியேறும் ஆர் தொகுதியை இணைத்தால் சங்கிலி ரெசினிலிருந்து வளரும், ஏடிஆர்பி மாதிரியே. முடிந்துபோன சங்கிலிகளும் ரெசினில் தங்கும். நிலைப்படுத்தும் இசட் தொகுதியை இணைத்தால் நேர்மாறு. கந்தகத் தொகுதி ரெசினிலேயே நிற்கும். சங்கிலி கழன்று கரைசலில் வளர்ந்து, மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே இருக்கும்போது முடிந்துபோன சங்கிலிக்குத் திரும்பி வந்து ஒட்டும் ரேடிக்கல் முனை கிடையாது. ஆகவே கழுவினால் செத்தவை போய்விடும், உயிருள்ளவை மட்டும் மணியில் நிற்கும். முதலில் நான் சொன்ன குறைக்கு நேரடி மருந்து இது ஒன்றுதான்.

மருந்துக்கு விலையும் உண்டு. வளர்ந்த சங்கிலி மணிக்குள் நுழைந்து, மற்ற சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அடியில் இருக்கும் கந்தகத் தொகுதியை எட்ட வேண்டும். நீளம் கூடக் கூட அது கடினமாகிறது. மணியில் சேரும் பாலிமரின் அளவு குறைவாகவே இருக்கும், பெரும்பகுதி கரைசலில் போய்விடும். கரைசலிலும் அதே மாதிரித் தனி சங்கிலி மாற்றி கொஞ்சம் சேர்க்காவிட்டால் வெளியே கட்டுப்பாடே இருக்காது. பத்து, இருபது அலகுச் சிறு சங்கிலிகளுக்கு இசட் வழி நன்று, நூறு அலகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வழியானாலும் ராஃப்டில் ஏஐபிஎன் மாதிரி ஒரு வெளித் தொடக்கி தேவை, அதிலிருந்து வரும் சங்கிலிகள் கரைசலில்தான் பிறக்கின்றன. ஒரு வசதி மட்டும் மறக்கக் கூடாதது: நிறம். டைதயோபென்சோயேட் என்றால் மணி இளஞ்சிவப்பு, டிரைதயோகார்பனேட் என்றால் மஞ்சள். கழுவிய பிறகும் மணியில் நிறம் நின்று, கழுவிய நீர்மம் தெளிந்திருந்தால் தொகுதி இணைந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

நைட்ராக்சைடு வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெம்போ என்ற நைட்ராக்சைடோடு 120-130 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஸ்டைரீன் வகை மோனோமர்களுக்கு நல்லது, மெத்தகிரிலேட்டுக்கு ஆகாது. உலோகம் இல்லை என்பது அதன் பெரிய பலம். அந்தச் சூட்டில் ஸ்டைரீன் தானாகவே பாலிமராகத் தொடங்கும் என்பதால் கழுவ வேண்டியதும் அதிகம்.

கழுவுவதை மேம்போக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மணிக்குள் சிக்கிய தனிச் சங்கிலி சிறு மூலக்கூறு மாதிரி ஓடிவராது. வலைக்குள்ளிருந்து ஊர்ந்து வர வேண்டும். நன்றாகப் பருக்கவைக்கும் கரைப்பானில், டிஹெச்எஃப் போல, சாக்ஸ்லெட் கருவியில் ஒரு நாள் விடுங்கள். பருக்கவைத்துச் சுருக்கிப் பருக்கவைத்துச் சுருக்கி, டிஹெச்எஃப், மெத்தனால் என்று மாற்றி மாற்றிக் கழுவுவதும் உதவும். தாமிரம் இருந்தால் மணி பச்சையாகத் தெரியும். டிஹெச்எஃப்-தண்ணீர்க் கலவையில் தாமிரத்தைப் பிடித்திழுக்கும் இடிடிஏ சேர்த்துக் கழுவினால் பெரும்பாலும் இறங்கிவிடும். வளர்த்த பாலிமரிலேயே அமீன் தொகுதிகள் இருந்தால் அவை தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது. அத்தகைய மோனோமருக்கு ஏடிஆர்பியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

எடை உயர்வை வைத்து வளர்ச்சியைக் கணக்கிடுபவர்கள், எடை மாறாத வரை கழுவி உலர்த்திய பிறகுதான் தராசுக்குப் போக வேண்டும். சிக்கிய சங்கிலியும் உலராத கரைப்பானும் அந்த எண்ணை ஊதிப் பெரிதாக்கும்.

வெட்டி எடுப்பது வாங் ரெசினில் எளிது. டைகுளோரோமீத்தேனில் 50 சதவீத டிரைஃபுளோரோஅசெட்டிக் அமிலம், அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். சங்கிலியின் தொடக்க முனையில் கார்பாக்சிலிக் அமிலத்தோடு பாலிமர் வெளியே வரும், மறுமுனையில் புரோமின் அல்லது குளோரின். இரு முனையும் வேறுவேறாக இருப்பது பிறகு எதையாவது இணைக்க வசதி. ஆனால் டெர்ட்-பியூட்டைல் அக்ரிலேட் வளர்த்தால் அதே அமிலம் பக்கத் தொகுதிகளையும் அறுத்துவிடும். அங்கே ஒளியால் வெட்டக்கூடிய ஆர்த்தோ-நைட்ரோபென்சைல் இணைப்பியைப் பாருங்கள். மெர்ரிஃபீல்டின் நேரடி பென்சைல் எஸ்டருக்கோ ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற கடும் அமிலம் வேண்டும். வாங் இருக்கும்போது அதற்குப் போக ஒரு காரணமும் இல்லை.

வெட்டிய பாலிமரின் ஜிபிசி வரைவில், முக்கியச் சிகரத்துக்கு ஏறக்குறைய இரட்டை மூலக்கூறு எடையில் ஒரு தோள் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்டைரீன் ரேடிக்கல்கள் முடியும்போது பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகச் சேரும். ரெசினில் இது இரு முனையும் கட்டப்பட்ட ஒரு வளையமாக நிற்கும், மணிக்கு ஒரு கூடுதல் குறுக்குப் பிணைப்பாகவும் வேலை செய்யும். வெட்டியதும் இரு முனையிலும் அமிலமுள்ள இரட்டை நீளச் சங்கிலியாக வெளியே வரும். மெத்தகிரிலேட்டில் சேர்வதைவிட ஹைட்ரஜன் கைமாறி முடிவதுதான் அதிகம், அதனால் தோள் சிறிதாக இருக்கும். தோள் இல்லை என்பதால் செத்த சங்கிலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அவை முக்கியச் சிகரத்துக்குள்ளேயே, கொஞ்சம் குட்டையாக, மறைந்திருக்கும். இரண்டாவது பிளாக் வளர்த்துப் பார்த்தால்தான் வெளிப்படும்.

இப்போது, வெட்டாமல் வைத்துக்கொள்வது. ஹாட்ஜஸ் குழு 2000-இல் டெம்போ இணைத்த மெர்ரிஃபீல்டு ரெசினில் வெவ்வேறு ஸ்டைரீன் மோனோமர்களை வளர்த்து ‘ராஸ்டா ரெசின்’ என்று பெயரிட்டது. நோக்கம் பாலிமரை அறுவடை செய்வதல்ல, மணியின் குணத்தையே மாற்றுவது. கணக்கைப் பாருங்கள்: கிராமுக்கு 1 மில்லிமோல் தொடக்கியிருக்கும் ரெசினில் 20 அலகு கிளைசிடைல் மெத்தகிரிலேட் வளர்ந்தால் 1 கிராம் 3.8 கிராம் ஆகும், அதில் 20 மில்லிமோல் எபாக்சைடு என்ற வினைபுரியும் தொகுதி. கிராமுக்கு ஐந்துக்கும் மேல். அதுவும் இறுகிய வலையில் ஒட்டாமல், நெளியும் சங்கிலியில் தொங்குவதால் வினைபுரிய எளிதாக எட்டும். டைமெத்தில் அக்ரிலமைடு வளர்த்தால், பாலிஸ்டைரீன் மணி ஏற்காத முனைவுள்ள கரைப்பான்களிலும் மணி பருக்கும். ஹாடில்டன் குழு அதையும் 2002-இல் பெப்டைடுத் தொகுப்புக்கான ரெசினாகச் செய்து காட்டியது. இங்கே சில சங்கிலிகள் செத்துப்போயிருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை, பக்கத் தொகுதிகள் வேலை செய்தால் போதும். மூலக்கூறு எடைப் பரவல் 1.2-ஆ 1.5-ஆ என்பதும் அவ்வளவு பெரிய விஷயமில்லை.

எனவே உங்கள் தேவை ஒரே மோனோமரிலிருந்து ஒரு குறுகிய பரவலுள்ள பாலிமர் மட்டும் என்றால், கரைசலில் செய்து மெத்தனாலில் வீழ்படிவாக்குங்கள். ரெசின் செலவும் வெட்டும் வேலையும் வீண். மூன்று, நான்கு பிளாக் வேண்டுமென்றால் வாங் ரெசின், 0.2 மில்லிமோல் ஏற்றம், தாமிரம்(II) சேர்த்த ஏடிஆர்பி, ஒவ்வொரு பிளாக்கையும் பாதி மாற்றத்தில் நிறுத்துவது என்று தொடங்குங்கள். மெத்தகிரிலேட் பிளாக்கை முதலில் வளர்த்து அக்ரிலேட்டுக்குப் போங்கள். வரிசையைத் திருப்பினால் அக்ரிலேட் முனையிலிருந்து மெத்தகிரிலேட் சீராகத் தொடங்காது, தாமிர குளோரைடு போட்டு ஹாலஜனை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னும் ஒரு சிட்டிகை மணியை எடுத்து வெட்டி ஜிபிசியில் பாருங்கள். முதல் பிளாக்கின் சிகரம் பழைய இடத்திலேயே ஓரளவு நின்றுவிட்டால் அவைதான் கழுவிப் போகாத செத்த சங்கிலிகள், அதற்கு மேல் அந்த மணிகளில் மோனோமரைச் செலவழிக்க வேண்டாம்.